கீட்டோனிலிருந்து ஆல்கேன்: ‘எதை எழுதினாலும் சரி’ என்பது சரியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த வேதியியல் வினா-விடையில், ‘எளிய கீட்டோன் ஒன்றை ஆல்கேனாக மாற்றுவது எப்படி?’ என்ற கேள்விக்கு (கீட்டோனில் இரு கார்பன்களுக்கு நடுவே, ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்புள்ள கார்போனைல் இருக்கும்; ஆல்கேனில் ஒற்றைப் பிணைப்பில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே) மூன்று விடைகள் தரப்பட்டிருந்தன: கிளமன்சன் ஒடுக்கம், உல்ஃப்-கிஷ்னர் ஒடுக்கம், லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு. ‘இவற்றில் எதை எழுதினாலும் முழு மதிப்பெண்’ என்றும் குறிப்பு இருந்தது. மூன்றாவது விடை தவறு. முதல் இரண்டும் சரியானவை. ஆனால் ‘எதை எழுதினாலும்’ என்பதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. கிளமன்சன் கொதிக்கும் அமிலத்தில் நடப்பது, உல்ஃப்-கிஷ்னர் 200 டிகிரிக் காரத்தில் நடப்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று மனப்பாடம் செய்த மாணவர், ஆய்வகத்தில் முதல் நாளே மூலக்கூறைப் பாழாக்கிவிடுவார்.

முதலில் ஹைட்ரைடை ஒதுக்கிவிடலாம். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு கீட்டோனோடு வினைபுரிந்தால் கிடைப்பது இரண்டாம்நிலை ஆல்கஹால். அசிட்டோன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாகும், புரோப்பேன் ஆகாது. சைக்ளோஹெக்சனோன் சைக்ளோஹெக்சனாலாகி அங்கேயே நின்றுவிடும். ஹைட்ரைடு ஒரு முறை கார்பனில் சேர்ந்ததும் ஆக்சிஜன் அலுமினியத்தோடு பிணைந்து ஆல்காக்சைடாகிவிடுகிறது. அதே கார்பனில் இன்னொரு ஹைட்ரைடு ஏற வேண்டுமென்றால் ஆக்சிஜன் விலக வேண்டும். அதை வெளியே தள்ள எளிய கீட்டோனில் எதுவும் இல்லை. ஹைட்ரைடை இரட்டிப்பாக்கினாலும், இரவு முழுக்கக் கொதிக்கவிட்டாலும், கடைசியில் நீர் விட்டுப் பிரிக்கும்போது வருவது ஆல்கஹால்தான். சோடியம் போரோஹைட்ரைடுக்கும் இதே கதை.

இந்தத் தவறு எங்கிருந்து முளைக்கிறது என்பது பாடம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். இதே ஹைட்ரைடு அமைடை அமீனாக்குகிறது, அங்கே கார்போனைல் முழுசாக மெத்திலீன் (CH₂) ஆகிவிடுகிறது. அதைப் படித்த கையோடு கீட்டோனுக்கும் பொருத்திவிடுகிறார்கள். அமைடில் பக்கத்து நைட்ரஜனின் தனி இரட்டை எலக்ட்ரான் ஆக்சிஜனை வெளியே தள்ளுகிறது. கீட்டோனில் அந்த உதவி கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை விடையோடு சேர்த்து அச்சிட்டிருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். இருபுறமும் பென்சீன் வளையம் உள்ள கீட்டோன்களில், அலுமினியம் குளோரைடையும் சேர்த்துக்கொண்டால் இந்த ஹைட்ரைடு ஹைட்ரோகார்பன் வரை போகும். அது தனி விதிவிலக்கு, ‘எளிய கீட்டோன்’ என்ற கேள்விக்கு விடையாகாது.

இனி சரியான இரண்டுக்கு வருவோம். கார்போனைலில் உள்ள ஆக்சிஜனை நீக்கி அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் வைக்க வேண்டும். மொத்தக் கணக்கில் நான்கு எலக்ட்ரான், நான்கு புரோட்டான் உள்ளே போய் ஒரு நீர் மூலக்கூறு வெளியே வரும். இரண்டு முறைகளுமே ஆல்கஹால் என்ற படியில் கால் வைப்பதில்லை. கிளமன்சன் குடுவையில் கீட்டோனுக்குப் பதிலாக அதற்கு நேரான சாதாரண இரண்டாம்நிலை ஆல்கஹாலைப் போட்டால் அது பெரும்பாலும் அப்படியே கிடக்கும், ஆல்கேன் ஆகாது. ஆகவே ‘முதலில் ஆல்கஹால், பிறகு ஆல்கேன்’ என்று வினைவழி எழுதுவதும் தவறு.

இந்த மாற்றம் எதற்குத் தேவைப்படுகிறது என்று சொல்லாமல் கற்பிப்பதால்தான் மாணவருக்கு இது வெறும் பெயர்ப்பட்டியலாகிவிடுகிறது. பென்சீனில் நேர்ச்சங்கிலி புரொப்பைல் தொகுதியை ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1-குளோரோபுரோப்பேனையும் அலுமினியம் குளோரைடையும் கொண்டு நேரடியாக ஆல்கைலேற்றம் செய்தால், நேர்மின் சுமை உள்கார்பனுக்கு நகர்ந்து க்யூமீன் (கிளைத்த ஐசோபுரொப்பைல்பென்சீன்) கலந்துவிடும். போதாக்குறைக்கு, ஒரு ஆல்கைல் தொகுதி ஏறிய வளையம் பென்சீனைவிடச் சுறுசுறுப்பானது என்பதால் இரண்டாவதும் மூன்றாவதும் ஏறும். புரோப்பனாயில் குளோரைடைக் கொண்டு அசைலேற்றம் செய்தால் சங்கிலி இடம் மாறாது. ஏறிய கார்போனைல் வளையத்தை மந்தமாக்குவதால் ஒன்றோடு நின்றுவிடும். பிறகு அந்தக் கார்போனைலை மெத்திலீனாக்கிவிட்டால் சுத்தமான புரொப்பைல்பென்சீன் கையில். தொண்டை வலி மாத்திரைகளில் சேரும் கிருமிநாசினியான 4-ஹெக்சைல்ரிசார்சினாலும் இதே வழியில்தான் ஆக்கப்பட்டது: ரிசார்சினாலில் ஹெக்சனாயில் தொகுதியை ஏற்றி, பிறகு கிளமன்சன் ஒடுக்கம்.

எரிக் கிளமன்சன் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் மருந்து நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தவர். 1913-ல் தன் முறையை வெளியிட்டார். பாடநூலில் அம்புக்குறிக்கு மேலே துத்தநாக ரசக்கலவை, கீழே அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அவ்வளவுதான் இருக்கும். குடுவைக்குள் நடப்பதைப் பார்க்க நம்பகமான ஒரு செய்முறையை எடுத்துக்கொள்வோம். பென்சீனோடு சக்சினிக் நீரிலியைச் சேர்த்துப் பெறும் 3-பென்சாயில்புரோப்பனாயிக் அமிலத்தை 4-பீனைல்பியூட்டனாயிக் அமிலமாக்கும் செய்முறை அது.

துத்தநாகத் துண்டுகள் 120 கிராம், மெர்க்குரிக் குளோரைடு 12 கிராம், நீர் 200 மில்லி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 அல்லது 6 மில்லி. ஐந்து நிமிடம் கலக்கினால் துத்தநாகத்தின் மேல் பாதரசம் படிந்து ரசக்கலவையாகும். நீரை வடித்துவிட்டுத் தாமதிக்காமல் 75 மில்லி நீர், 175 மில்லி அடர் அமிலம், 100 மில்லி டொலுவீன், 50 கிராம் கீட்டோன் அமிலம் என்ற வரிசையில் சேர்த்து, வெளிவரும் வாயுவை உறிஞ்சும் அமைப்போடு 30 மணி நேரம் வேகமாகக் கொதிக்கவிட வேண்டும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை 50 மில்லி அடர் அமிலம் என மூன்று முறை சேர்க்க வேண்டும். முறையாகச் செய்தால் 82 முதல் 90 விழுக்காடு விளைச்சல். வரும் திண்மம் 46 முதல் 48 டிகிரியில் உருகும்.

இந்த எண்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வினையே புரிந்துவிடும். 50 கிராம் கீட்டோன் என்பது 0.28 மோல். ஒரு கார்போனைலுக்கு இரண்டு துத்தநாக அணு தேவை என்பதால் 0.56 மோல் துத்தநாகம் போதும். ஆனால் போடுவது 1.83 மோல், மூன்று மடங்குக்கும் மேல். மீதி எங்கே போகிறது? அமிலத்தோடு நேரடியாக வினைபுரிந்து ஹைட்ரஜனாக வீணாகிறது. முழுத் துத்தநாகமும் கரைந்தால் வெளிவரும் ஹைட்ரஜன் அறை வெப்பநிலையில் சுமார் 30 லிட்டர்! பக்கத்தில் சுடர் இருக்கக் கூடாது என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும். பாதரசம் ஏன் என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பாதரசம் படிந்த பரப்பில் ஹைட்ரஜன் வாயு உண்டாவது கடினம், அதனால் துத்தநாகத்தின் எலக்ட்ரான்களில் ஒரு பங்கு கீட்டோனுக்குக் கிடைக்கிறது. வெறும் துத்தநாகத்தைப் போட்டால் குமிழி பொங்கும், கீட்டோன் அப்படியே இருக்கும்.

அமிலத்தின் கணக்கும் அப்படித்தான். முதலில் ஊற்றும் 175 மில்லியில் இருப்பது ஏறத்தாழ 2.1 மோல், பிறகு மூன்று தவணையில் 1.8 மோல். கூட்டினால் 3.9. துத்தநாகம் முழுவதும் கரையத் தேவையானது 3.66. தவணை அமிலத்தைச் சேர்க்க மறந்தால் பாதி வழியில் அமிலம் தீர்ந்து வினை நின்றுவிடும் என்பது இதிலேயே தெரிகிறது. அதோடு, கொதிக்கும்போது அமிலச் செறிவு சுமார் 20 விழுக்காட்டுக்கு இறங்கும் வரை ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். ‘நிறைய துத்தநாகம் மிச்சமிருக்கிறது, ஆனால் வினை நடக்கவில்லை’ என்ற முறையீட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த அமில வறட்சிதான்.

டொலுவீன் எதற்கு என்று பலர் கேட்பதில்லை, கரைப்பான் என்று கடந்துவிடுகிறார்கள். கீட்டோனை நீர் அடுக்கில் குறைவாக வைத்திருப்பதே அதன் வேலை. வினை நடப்பது துத்தநாகப் பரப்பில். அங்கே ஒரே நேரத்தில் நிறையக் கீட்டோன் மூலக்கூறுகள் குவிந்தால் இரண்டு இரண்டாக இணைந்து பினகால் வகைப் பிசின்கள் உண்டாகும். டொலுவீன் கிடங்குபோல இருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. விளைபொருளையும் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. கலக்குவது பலவீனமாக இருந்தால் மூன்று அடுக்குகளும் தனித்தனியே நிற்கும்: அடியில் உலோகம், நடுவில் அமிலம், மேலே கீட்டோன். அப்படி நின்றால் 30 மணி நேரம் கொதித்தும் பயனில்லை.

மெர்க்குரிக் குளோரைடு நீரில் கரையும் கொடிய நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, வடித்த நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, மிஞ்சிய துத்தநாகத்தைச் சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கை 2013-ல் ஏற்கப்பட்டு 2017-ல் நடைமுறைக்கு வந்துவிட்ட காலத்தில், பாதரசக் கழிவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் இந்த வினையை அச்சிடுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. பாதரசமே இல்லாத வடிவமும் இருக்கிறது: நீர்த்த அமிலத்தில் கழுவிக் கிளர்வூட்டிய துத்தநாகத் தூளை, உலர் ஹைட்ரஜன் குளோரைடு ஊட்டிய உலர் ஈதரில் 0 டிகிரிக்கு அருகில் பயன்படுத்துவது. கொதிக்கும் நீர் அமிலத்தைத் தாங்காத ஸ்டீராய்டு கீட்டோன்களுக்குக்கூட இது பொருந்தியிருக்கிறது. ஆனால் நீர் துளியும் கூடாது, ஈதரின் தீ ஆபத்து வேறு.

உல்ஃப்-கிஷ்னர் ஒடுக்கத்துக்கு இரண்டு தகப்பன்மார். ரஷ்யாவின் நிக்கோலாய் கிஷ்னர் 1911-ல், கீட்டோனும் ஹைட்ரசீனும் சேர்ந்து உண்டாகும் ஹைட்ரசோனைச் சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மேல், பிளாட்டினம் பூசிய நுண்துளைப் பீங்கான் துண்டுகளோடு, துளித்துளியாக விட்டார். ஜெர்மனியின் லுட்விக் உல்ஃப் 1912-ல் அடைத்த குழாயில் சோடியம் எத்தாக்சைடோடு சுமார் 180 டிகிரிக்குச் சூடேற்றினார். அடைத்த குழாய்க்குள் நைட்ரஜன் வாயு உண்டாகும் வினை! பெரிய அளவில் செய்ய ஏற்றதே அல்ல. இன்று ஆய்வகத்தில் செய்வது பெரும்பாலும் சீன வேதியியலாளர் ஹுவாங் மின்லான் 1946-ல் வெளியிட்ட வடிவம். அதிகக் கொதிநிலை கொண்ட டைஎத்திலீன் கிளைக்காலில், திறந்த அமைப்பில், முதலில் ஹைட்ரசோனை உண்டாக்கிவிட்டு, நீரையும் மிகுதி ஹைட்ரசீனையும் வடித்து எடுத்து, பிறகு வெப்பத்தை உயர்த்துவது அவர் சேர்த்த புதுமை. இரண்டு நாளுக்கு மேல் பிடித்த வேலை சில மணி நேரமாகச் சுருங்கியது.

மேலே சொன்ன அசைலேற்றத்தில் கிடைக்கும் கீட்டோனான புரோப்பியோபீனோன் 0.1 மோல், அதாவது 13.4 கிராம் எடுத்துக்கொண்டால், 80 விழுக்காடு ஹைட்ரசீன் ஹைட்ரேட் 15 மில்லி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் 20 கிராம், டைஎத்திலீன் கிளைக்கால் 100 மில்லி என்பது பொருத்தமான அளவு. வில்லைகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு நீர் இருப்பதால் 20 கிராமில் கிடைக்கும் காரம் சுமார் 0.3 மோல்தான். ஹைட்ரசீன் குப்பியின் லேபிளையும் கவனிக்க வேண்டும். ‘80 விழுக்காடு ஹைட்ரேட்’ என்றால் உண்மையான ஹைட்ரசீன் சுமார் 51 விழுக்காடு. ‘64 விழுக்காடு ஹைட்ரசீன்’ என்று எழுதியிருந்தால் அது முழு ஹைட்ரேட். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அளவைத் தவறவிடுவது வெகு சாதாரணம்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் மீள்கொதிக்கவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரிவராது. ஹைட்ரசோன் முழுமையாக உண்டாகாமல் கீட்டோன் மிச்சமிருந்தால் அது உண்டான ஹைட்ரசோனோடு சேர்ந்து அசீன் என்ற மஞ்சள் பொருளாகிவிடும். அல்லது, சூடான ஆல்காக்சைடு கீட்டோனை ஆல்கஹாலாக ஒடுக்கிவிடும். பிறகு குளிர்விப்பானைச் சாய்த்து வைத்து வடிக்கத் தொடங்கினால் 120 டிகிரி வாக்கில் நீரும் ஹைட்ரசீனும் கலந்து வரும். குடுவைக்குள் இருக்கும் வெப்பமானி 190 முதல் 195 டிகிரி காட்டும் வரை வடித்துவிட்டு, மறுபடி மீள்கொதி நிலைக்கு மாற்றி மூன்று முதல் ஐந்து மணி நேரம். நீர் போகாவிட்டால் கலவை 150 டிகிரியைத் தாண்டவே தாண்டாது, நைட்ரஜனும் வெளியேறாது. வெப்பமானியைக் குடுவைக்கு வெளியே எண்ணெய்த் தொட்டியில் வைத்துவிட்டு ‘200 டிகிரி வைத்தேன், நடக்கவில்லை’ என்பவர்கள் உள்வெப்பத்தை அளக்கவே இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, எந்தப் பாடநூலும் அழுத்திச் சொல்லாதது. புரொப்பைல்பென்சீனின் கொதிநிலை 159 டிகிரி. குடுவையை 195-க்கு ஏற்றினால் விளைபொருள் உள்ளே உட்கார்ந்திருக்குமா? வடிகலத்துக்கு வந்துவிடும். வடித்த நீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை ‘ஹைட்ரசீன் கழிவு’ என்று கொட்டிவிடுகிறவர்கள் விளைச்சலைக் கொட்டுகிறார்கள். வடிநீரைப் பிரிபுனலில் பிடித்து மேலடுக்கைத் தனியே எடுத்து, குடுவையில் உள்ளதைக் குளிரவைத்து நீர்விட்டுப் பிரித்தெடுத்த பகுதியோடு சேர்த்து, நீர்த்த அமிலத்தால் கழுவி, உலர்த்தி வடிக்க வேண்டும். மாற்றம் முழுமையானால் கோட்பாட்டளவில் 12 கிராம்.

வெளிவரும் நைட்ரஜன் 0.1 மோலுக்கு சுமார் 2.4 லிட்டர். அடைத்த அமைப்பு எந்த நிலையிலும் கூடாது. வாயு வெளியேறும்போது கிளைக்கால் கரைசல் நுரைத்து எழும், எனவே கொள்ளளவில் பாதிக்கு மேல் குடுவையை நிரப்பக் கூடாது. 200 டிகிரிக் காரம் கண்ணாடியை அரிக்கும். மூட்டுகளில் காரம் பட்டு இறுகிவிட்டால் மறுநாள் கழற்ற முடியாது. ஹைட்ரசீன் நச்சு, புற்றுநோய் ஐயத்துக்குரியது, தோல் வழியாகவும் ஏறும். முழு வேலையும் காற்றிழுக்கும் அலமாரிக்குள்தான்.

வினைவழி அழகானது. காரம் ஹைட்ரசோனின் நைட்ரஜனிலிருந்து புரோட்டானை எடுக்கிறது, கார்பனுக்கு ஒரு புரோட்டான் வருகிறது, மீண்டும் நைட்ரஜனிலிருந்து ஒன்று போகிறது, நைட்ரஜன் மூலக்கூறு பிரிந்து வெளியேறுகிறது, மிஞ்சும் கார்பன் எதிரயனி கரைப்பானிலிருந்து புரோட்டானைப் பெற்றுக்கொள்கிறது. வாயுவாகப் போய்விட்ட நைட்ரஜன் திரும்பி வராது. வினையை முன்னோக்கி இழுப்பது அதுதான்.

இப்போது அந்த ‘எதை எழுதினாலும்’ பற்றி. பென்சீன் வளையத்தில் கார்போனைலைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் இரண்டும் ஓடும், அதில் சண்டை இல்லை. வேறு தொகுதி ஒன்று வந்த உடனே நிலைமை மாறிவிடும். மூலக்கூறில் அசிட்டால் இருந்தால் கிளமன்சன் அமிலம் அதை உடைத்து, உள்ளே மறைத்துவைத்த கார்போனைலையும் சேர்த்து ஒடுக்கிவிடும். மூன்றாம்நிலை ஆல்கஹால் இருந்தால் நீர் இழந்து ஆல்கீனாகும், அல்லது குளோரைடாகும். நைட்ரோ தொகுதி இருந்தால் அமீனாகிவிடும். பாரா-நைட்ரோஅசிட்டோபீனோனுக்கு கிளமன்சன் என்று எழுதினால் நைட்ரோ மிஞ்சாது. அசிட்டாலும் மூன்றாம்நிலை ஆல்கஹாலும் இருக்கும் இடத்தில் ஹைட்ரசீனும் காரமும்தான் வழி.

மறுபக்கம், 5-குளோரோபென்டன்-2-ஓன் என்ற எளிய கீட்டோனை எடுத்துக்கொள்ளுங்கள். காரம் பட்டாலே கார்போனைலுக்கு அடுத்த கார்பன் குளோரினைத் தள்ளிவிட்டு வளையம் போட்டுக்கொண்டு சைக்ளோபுரொப்பைல் மெத்தில் கீட்டோனாகிவிடும். அதை உல்ஃப்-கிஷ்னர் நிலைக்குக் கொண்டுபோவது பென்டேன் சங்கிலியை எதிர்பார்த்து வேறொன்றைப் பெறுவதுதான். எஸ்டர் இருந்தால் காரம் அதைச் சோப்பாக்கிவிடும். அமிலமாகக் கிடைத்தால் போதும் என்பவருக்கு அது குறையல்ல, எஸ்டராகவே வேண்டும் என்பவருக்குக் குறை. கார்போனைலை ஒட்டிய கார்பனில் ஹாலைடு, அசிட்டாக்சி போன்ற வெளியேறும் தொகுதி இருந்தால் நைட்ரஜனோடு அதுவும் வெளியேறி ஆல்கீன் தரும். கிளமன்சனிலோ அந்த ஹாலஜன் முதலில் ஒடுங்கிப் போய்விடும்.

இரண்டுக்குமே எட்டாத கீட்டோன்கள் உண்டு. இரட்டைப் பிணைப்போடு இணைந்த கார்போனைல் அவற்றில் முதன்மை. ஹைட்ரசீன் அதோடு பைரசோலீன் வளையமாகி, சூட்டில் சைக்ளோபுரோப்பேனைக்கூடத் தரும். கிளமன்சனில் இரட்டைப் பிணைப்பும் தொடப்படும். 1,3-டைகீட்டோன்கள் கிளமன்சனில் எலும்புக்கூட்டையே மாற்றிக்கொள்ளும். அசிட்டைல்அசிட்டோனிலிருந்து பென்டேன் வரும் என்று எதிர்பார்த்தால் 3-மெத்தில்பியூட்டன்-2-ஓன் வந்து நிற்கும், சைக்ளோபுரோப்பேன்டையால் வழியாக.

அமிலமும் ஆகாது காரமும் ஆகாது என்றால் மூன்றாவது வழி: கீட்டோனை எத்தேன்டைதயாலோடு டைதயோலேன் ஆக்கிவிட்டு ரேனி நிக்கலால் கந்தகத்தை நீக்குவது. கந்தகத்தின் நாற்றம் கொடுமை, நிக்கல் எடையில் பல மடங்கு வேண்டும், மூலக்கூறில் ஆல்கீன் இருந்தால் அதுவும் நிறைவுறும். வடிகட்டிய நிக்கலைத் தாளோடு உலரவிட்டால் தானாகத் தீப்பற்றும். அதை எப்போதும் நீருக்கடியில் வைத்திருக்க வேண்டும். இன்னொரு மென்மையான வழி, டாசில்ஹைட்ரசோனாக்கி சோடியம் சயனோபோரோஹைட்ரைடால் ஒடுக்குவது. வளையத்தை ஒட்டிய கார்போனைல் என்றால் டிரைஎத்தில்சிலேனும் டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலமும், அல்லது பல்லேடியம்-கரியின் மேல் ஹைட்ரஜனும் போதும். பாதரசமும் வேண்டாம், ஹைட்ரசீனும் வேண்டாம். டொனால்டு கிராம் 1962-ல் காட்டிய வழியில், டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கலந்த பொட்டாசியம் மூன்றாம்நிலை பியூட்டாக்சைடுக்குள் ஹைட்ரசோனை மணிக்கணக்கில் மெல்ல விட்டால் அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜன் குமிழியிடும். விரைந்து விட்டால் அசீன்தான் மிஞ்சும்.

‘எளிய கீட்டோன்’ என்று உதாரணம் தரும்போது அசிட்டோனையும் பியூட்டனோனையும் எழுதுவது வழக்கம். தாளில் தவறில்லை. ஆனால் புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42, பியூட்டேனுடையது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. ஹைட்ரஜனோடும் நைட்ரஜனோடும் கலந்து பறக்கும் இவற்றைப் பிடிக்கத் தனிப் பொறி வேண்டும். சைக்ளோஹெக்சனோனைத் தாருங்கள்: 156 டிகிரியில் கொதிக்கும் பொருளிலிருந்து 81 டிகிரியில் கொதிக்கும் சைக்ளோஹெக்சேன். மாணவர் அதைப் பாத்திரத்தில் பார்க்க முடியும். போரோஹைட்ரைடால் ஆல்கஹால், அமிலத்தால் ஆல்கீன், பல்லேடியத்தின் மேல் ஹைட்ரஜன் என்று மூன்று படியிலும் அதே இடத்துக்குப் போகலாம். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடை எழுத விரும்புகிறவர் இந்த வழியின் முதல் படியில் எழுதலாம், முழு விடையாக அல்ல.

வினை முடிந்ததா என்று எப்படி அறிவது என்பதும் விடுபட்டிருந்தது. ஒரு சொட்டு எடுத்து 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் கரைசலில் விட்டால் ஆரஞ்சு வீழ்படிவு வரக் கூடாது. அகச்சிவப்பு நிறமாலையில் புரோப்பியோபீனோனின் 1685 செ.மீ⁻¹ வாக்கில் உள்ள கூர்முனை மறைய வேண்டும். 3400 பக்கம் அகலமான பட்டை எழுந்தால் ஆல்கஹால் உண்டாகியிருக்கிறது என்று பொருள். புரோட்டான் என்எம்ஆரில் 2.6, 1.6, 0.9 ppm என மூன்று இடங்களில் சமிக்ஞை வந்தால் நேர்ச்சங்கிலி புரொப்பைல். 2.9-ல் ஏழு கிளையும் 1.25-ல் ஆறு ஹைட்ரஜனுக்கான இரட்டையும் தெரிந்தால் அது க்யூமீன். அப்படியென்றால் தவறு ஒடுக்கத்தில் அல்ல, அதற்கு முந்தைய படியில்.

அடுத்த மாணவர் பக்கத்தில் அந்த விடையை இப்படித் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்: ‘அமிலத்தைத் தாங்கும் கீட்டோனுக்குத் துத்தநாக ரசக்கலவையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். காரத்தையும் 200 டிகிரியையும் தாங்கும் கீட்டோனுக்கு ஹைட்ரசீனும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு ஆல்கஹாலைத் தரும், ஆல்கேனைத் தராது.’ அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: அசிட்டாலும் கீட்டோனும் ஒரே மூலக்கூறில் இருந்தால் எதைத் தேர்வு செய்வீர்கள், ஏன்?

இப்படிக்கு,
கரிம வேதியியல் ஆசிரியர்கள் சிலர்